ஐஸ்கிரீம் பெட்டிக்குள் விதைக் கௌபி

சாம்பவி வீட்டில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒன்றில் பருப்பு இருக்கும். ஒன்றில் செத்தல் மிளகாய் இருக்கும். ஒன்றில் என்றைக்கோ வைத்த குழம்பு உறைந்து கிடக்கும். பத்து வயதாகியும் அந்த மூடிகளைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்கு ஏமாற்றம்தான்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு வந்தது ஏமாற்றம் இல்லை. தலையைப் பிய்த்துக்கொள்ளலாமா என்கிற எரிச்சல்.

பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறந்ததுமே அவித்த கௌபிப் பயறு மணந்தது. அம்மா யோகமலர் அதன்மேல் தேங்காய்ப்பூ தூவிக்கொண்டிருந்தார். அண்ணா பிரியந்தன் கோப்பையும் கையுமாக இருந்தான்.

"சாமிக்குப் படைச்சாச்சு. கை கழுவிப்போட்டு வந்து சாப்பிடு," என்றார் அம்மா.

கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ்கிரீம் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. சாம்பவி அதைப் பாய்ந்து எடுத்தாள்.

"அம்மா! உந்தப் பெட்டிக்குள்ள இருந்ததையோ அவிச்சனீங்கள்?"

"ஓம். வெள்ளிக்கிழமை எண்டு கௌபி தேடினன். மேசையில இருந்தது."

"ஐயோ, அது விதை அம்மா!"

"கௌபிதானே. விதையெண்டால் என்ன, கொம்பு முளைச்சிருக்கோ?"

"உப்புத்தான் கொஞ்சம் காணாது," என்றான் அண்ணா.

திங்கட்கிழமை அவள் வகுப்பில் உலகச் சந்தை. இரண்டு இரண்டு பேராக ஒவ்வொரு நாட்டுக் கடை போட வேண்டும். ஒரு சோடிக்குச் சொக்லேட் கடை, இன்னொரு சோடிக்கு மாம்பழக் கடை. சாம்பவிக்கும் அவள் தோழி அமீனாவுக்கும் கிடைத்தது கானா நாட்டு விதைக்கடை. சொக்லேட் கடைக்குப் பக்கத்தில் விதை வாங்க எந்தப் பிள்ளை வரும்? அந்த எரிச்சல் அவளுக்கு முதலே இருந்தது.

அமீனா குடும்பம் போன வருடம்தான் கானாவிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்தது. தமாலே என்ற ஊரில் அமீனாவின் அம்மா உண்மையிலேயே விதைக்கடை வைத்திருந்தவர்.

அங்கே சந்தையில் குவித்து விற்கிற கௌபி சாப்பிடுவதற்கு. விதைக் கௌபி வேறு. முளைப்பதற்கென்றே விளைவித்து, பொதி செய்து, கூடிய விலைக்கு விற்பார்கள். ஒருமுறை ஒரு மொத்த வியாபாரி சாப்பாட்டுக் கௌபியை விதைப் பொதிக்குள் போட்டு அவர் கடைக்கு அனுப்பிவிட்டான். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மழை வந்தது, விதைத்தார்கள், பாதி முளைக்கவில்லை. வாங்கியவர்கள் அமீனாவின் அம்மாவிடம்தான் சண்டைக்கு வந்தார்கள். அதோடு கடையை மூட வேண்டியதாயிற்று.

மிஞ்சிய நல்ல பொதி ஒன்றை அவர் கானாவிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். அதைத்தான் உலகச் சந்தைக்கென்று சாம்பவியிடம் கொடுத்திருந்தார். பொதி புத்தகப் பையில் கிழிந்துபோக, சாம்பவிதான் விதையை ஐஸ்கிரீம் பெட்டிக்குள் கொட்டி வைத்தாள். அதை நினைக்க அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"கீழ தமிழ்க் கடையில அதே கௌபி இருக்கு. வாங்கிப் போடு. ஆருக்குத் தெரியும்?" என்றான் அண்ணா.

வேலையால் வந்த அப்பாவும், "அதுதானே!" என்றார்.

"நல்ல யோசினை," என்றார் அம்மா, தேங்காய் துருவியைக் கழுவியபடி.

சாம்பவி கடைக்கு ஓடி ஒரு பை கௌபி வாங்கி வந்தாள். பார்த்தால் அதே நிறம், அதே கறுப்புப் புள்ளி. பெட்டிக்குள் கொட்டப் போனவள் நின்றுவிட்டாள். அந்த மொத்த வியாபாரி செய்ததும் இதைத்தானே? அதுவும் யாருக்கு? அமீனாவின் அம்மாவுக்கு!

அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"அமீனா, உன் அம்மா தந்த விதை இப்போது இல்லை. எங்கள் வீட்டில் அவித்துவிட்டார்கள்."

"அவித்து?"

"சாப்பிட்டும்விட்டார்கள்."

"எல்லாவற்றையுமா?"

"அண்ணா இரண்டு தரம் சாப்பிட்டான்."

அமீனா கோபமாக, "நல்லவேளை, அது பூச்சிமருந்து பூசாத விதை. பூசியது சிவப்பாக இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள். சாம்பவி அழுதேவிட்டாள். அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. அமீனா முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். கையில் ஒரு சின்னப் பொட்டலம்.

"பல்கனியில் நடுவதற்கு அம்மா ஒரு பிடி எடுத்து வைத்திருந்தார். உண்மையைச் சொன்னாயாம், அதனால் தரச் சொன்னார். நானென்றால் தந்திருக்க மாட்டேன்."

ஒரு பிடி விதையை வைத்து எப்படிக் கடை போடுவது? சாம்பவி பொட்டலத்தையும் கடைக் கௌபிப் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா பயறு முளைக்கட்டுவது ஞாபகம் வந்தது.

"இரண்டிலும் கொஞ்சத்தை ஈரத்துணியில் கட்டுவோமா? எது விதை, எது சாப்பாடு என்று வருகிறவர்கள் கண்டுபிடிக்கட்டும்."

அமீனாவின் முகம் கொஞ்சம் சுருங்கி, பிறகு விரிந்தது. "அவிக்காமல் பார்த்துக்கொள்வாயா?"

சாம்பவி இரண்டு நாளும் ஹீற்றருக்குப் பக்கத்தில் காவல் இருந்தாள். அம்மா அந்தப் பக்கம் வந்தாலே, "அம்மா!" என்று கத்தினாள். "நான் ஒண்டும் செய்யேல்லையடி!" என்று அம்மாவும் கத்தினார்.

திங்கட்கிழமை விதைக்கடையில் ஒரே நெரிசல். இரண்டு தட்டுகளில் வைத்திருந்த காய்ந்த கௌபியைப் பார்த்து, எது விதை என்று ஊகித்தார்கள் பிள்ளைகள். பாதிப் பேர் பிழையாகச் சொன்னார்கள். பிறகு துணிகளை அவிழ்த்தார்கள். ஒன்றில் பாதிதான் முளைத்திருந்தது. மற்றதில் வெள்ளை வெள்ளையாக எல்லாமே வால் நீட்டியிருந்தன. சொக்லேட் கடைக்காரனே கடையை விட்டுவிட்டு வந்துவிட்டான்.

கூட்டத்துக்குப் பின்னால், சந்தை பார்க்க வந்த அமீனாவின் அம்மா நின்றார். முளைகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, தமாலே சந்தையில் கூவுவது போல உரத்த குரலில் கூவத் தொடங்கினார். அமீனா பிரமித்துப்போய் நின்றாள்.

"கடை மூடிய பிறகு அம்மா இப்படிக் கூவியதே இல்லை," என்றாள், சாம்பவியின் கையைப் பிடித்துக்கொண்டு.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மேசையில் ஓர் ஐஸ்கிரீம் பெட்டி இருந்தது. பருப்பாக இருக்கும் என்று சலித்தபடி சாம்பவி மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஐஸ்கிரீம்! மாம்பழ ஐஸ்கிரீம்!

அடுப்படியிலிருந்து அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"கெதியாச் சாப்பிடு பிள்ளை. பெட்டி எனக்கு வேணும்."