கை எடுத்தாச்சா?

"அமுக்குங்க!"

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் உச்சியில் கிளிப் மாட்டிக்கொண்டு ஏணியில் நின்றவள் மறுபடியும் கத்தினாள். "உங்களத்தான்... பட்டனை அமுக்குங்க! காது கேக்கலையா?"

கீழே மீட்டர் முன்னால் நின்றவன் அசையவில்லை. அந்தப் பட்டறையில் சுருள் சுற்றுகிறவன். டிரான்ஸ்ஃபார்மரைச் சோதிக்க வந்தவள் அவள். அவளுடைய உதவியாள் மழையில் எங்கேயோ மாட்டிக்கொள்ள, "நீ போய் ஒத்தாசை பண்ணுடா" என்று முதலாளி பிடித்துத் தள்ளிய ஆள். வந்ததிலிருந்து உர்ரென்று இருந்தான்.

"நல்லாவே கேக்குது. உங்க கை இன்னும் கிளிப் மேலதான் இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். ஐயோ... இருந்தது!

பட்டனை அமுக்கினால் உள்ளே போவது கொஞ்சம் மின்சாரம்தான். ஆனால் வயரைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டால் அதுவே மேலே பல மடங்காகப் பாயும். அப்படித்தான் அவள் அண்ணன் போனான். இதே வேலை, இதே மாதிரி ஏணி. கீழே நின்றவன் "கை எடுத்தாச்சா?" என்று கேட்டானாம். கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அண்ணன் விட்ட வேலையை இவள் பார்க்கிறாள்.

கையை இழுத்துக்கொண்டாள்.

"கை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு..."

அப்போதும் அவன் அமுக்கவில்லை. நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தான். பிறகு கண்களை... தூங்கி எத்தனை நாளாயிற்றோ, அவன் கண்கள் வெளியே இருந்த வானம் போலவே இருண்டு கிடந்தன. ஒரு கணம் அவள் முகத்தில் தங்கியவை, வெட்கப்பட்டாற்போல் சட்டென்று மீட்டருக்குத் திரும்பின. அப்புறம்தான் பட்டனை அமுக்கினான்.

அன்றைக்கு இப்படி ஒருத்தன் கீழே நின்றிருந்தால்... அண்ணன் இன்று இருந்திருப்பான்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மேல் சுருளின் சுற்றுக்கும் கீழ்ச் சுருளின் சுற்றுக்கும் உள்ள விகிதம், தகட்டில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். மூன்று ஜோடிச் சுருள்களில் ஓரத்து இரண்டும் அச்சாகப் பொருந்தின. நடுவில் இருந்ததுதான் உதைத்தது.

"நடுவுல தப்பு இருக்குங்க."

"இருக்காது."

"மீட்டர் சொல்லுதே?"

"அது ஆயிரம் சொல்லும். நான் சுத்தினது. ஒரு சுத்து கூட கொறைய வராது."

"அப்போ எனக்கும் மீட்டருக்கும் உங்க மேல பங்காளிப் பகையா?"

அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது! அதற்குள் முதலாளி வந்தார். அவனுக்குச் சித்தப்பாதான், ஆனால் வாயைத் திறந்தால் முதலாளி மட்டும்தான் தெரிவார்.

"கொஞ்சூண்டு வித்தியாசம்தானேம்மா? பாஸ்னு போட்டுடு."

"முடியாது சார்."

"அப்போ சுருளப் பிரிக்கணுமா? டேய், இத்தோட உன் சகவாசமே வேணாம், நாளைலேர்ந்து வராதே. அப்பன் போனதுலேர்ந்து உனக்குப் புத்தி ஒரு நிலையில இல்ல!"

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவளிடம் திரும்பினான். "போட வேண்டியதப் போடுங்க. உங்க தயவு எனக்கு வேணாம்."

சுருக்கென்றது. போடா என்று போயிருக்கலாம். ஆனால் காத்திருக்கத் தெரிந்த ஒருத்தனை எப்படி அப்படியே விட்டுவிட்டுப் போவது? அவள் மறுபடி ஏணியில் ஏறினாள். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியை ஒவ்வொரு நிலையாகத் திருப்பினாள். அவன் அவள் முகத்தையே பார்க்காமல் "கை எடுத்தாச்சா?" என்றான். கோபத்திலும் ஒரு தடவைகூடக் கேட்காமல் விடவில்லை.

நடுச் சுருள் ஒவ்வொரு நிலையிலும் அடுத்த நிலையின் கணக்கைச் சொன்னது. கடைசி நிலையில் முதல் நிலையின் கணக்கைச் சொன்னது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சுத்து சரியா இருக்கு சார்! சுருள்லேர்ந்து கைப்பிடிக்கு வர்ற வயரத்தான் ஒரு படி தள்ளி மாட்டியிருக்கு. மூடியத் திறந்து மாத்தினா போதும். இன்னைக்கு ஃபெயில்தான், ஆனா எதையும் பிரிக்க வேணாம்."

சித்தப்பா முனகிக்கொண்டே போனார். வேலை தப்பியது. அவன் மட்டும் கல்லாய் நின்றான்.

"வயர எப்ப மாட்டினீங்க?"

"அப்பாவ எடுத்த மறுநாள்."

"அன்னைக்கு ஏன் வந்தீங்க?"

"வீட்ல... அவர் கட்டில் காலியா இருந்துச்சுங்க."

அவள் வீட்டிலும் ஒரு கட்டில் காலியாகத்தான் கிடந்தது. அண்ணனைப் பற்றிச் சொன்னாள். அவன் தலைகுனிந்து கேட்டான். மழை விடவே இல்லை.

மறு சோதனைக்கு வந்த அன்றும் மழைதான். உதவியாளை வர வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாள். கள்ளி! நடுச் சுருள் அச்சாகப் பொருந்தியது. இனி இந்தப் பக்கம் வரக் காரணமே இல்லை. நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

அவன் மீட்டரை அணைத்தான். ஈர ஏணியில் அவள் கால் வழுக்க, அவன் கை நீட்டினான். பிடித்து இறங்கினாள். தரைக்கு வந்த பிறகும் அவன் கை அவள் கையிலேயே இருந்தது.

"கை எடுத்தாச்சா?" இந்த முறை கேட்டவள் அவள்.

"இல்ல... எடுக்க மனசு வரல." அவன் குரல் கம்மியது. "உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. சாவு விழுந்த வீடு, சிரிச்சுப் பேசத் தெரியல. நீங்க பதில மெதுவாச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

அவள் உடைந்துபோனாள். அம்மாவுக்காக இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அழுகை. அவன் சமாதானம் சொல்லவில்லை, கையை விடவும் இல்லை.

"எங்க அம்மா கதவச் சாத்துவாங்க..." என்றாள் விம்மலுக்கு நடுவே. "இந்த வேல பாக்குறவன் எவனும் வாசப்படி மிதிக்கக் கூடாதும்பாங்க."

"திறக்குற வரைக்கும் வெளியில நிக்கிறேன்."

"மழை பெய்யுமே..."

"பெய்யட்டும்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு. இப்ப இல்ல... நான் அமுக்குங்கன்னு கத்தியும், அமுக்காம நின்னீங்களே, அப்பவே."