பெரட்டில் கேட்ட பதில்

"செல்லப்பன்" என்று யாழ்ப்பாணத்துக் கிராணி சாம்பசிவம் பேர்ப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டதும், "வந்தேங்கய்யா" என்று பதில் வந்தது. செல்லப்பனின் மனைவி புஷ்பவள்ளி இருட்டில் அவனைத் தேடினாள். இன்று அவள் வாயையே திறக்கவில்லை.

மலாயாவில் பாலோ ஊரைத் தாண்டியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். எல்லாரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று தங்கள் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். காய்ச்சலில் கிடக்கிறவனுக்காகப் பக்கத்தில் நிற்பவர் பதில் கொடுத்துவிடுவது அங்கே பழக்கம். இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்? நேற்று புஷ்பவள்ளியும் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு அதைத்தான் செய்தாள். புருஷன் பேரை வெட்டிவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடுமே.

புதுத் துரை வந்து எட்டு மாதமாயிற்று. அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. களத்தின் முன்னால் ஒரு நாற்காலி, அதன்மேல் ஒரு தொப்பி, அவ்வளவுதான். அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் பால் எடுக்க மரம் வெட்டப் போக வேண்டும். "துரைன்னு ஒரு ஆளு இருக்காரா, இல்லையா?" என்று முந்தாநாள் செல்லப்பன் எல்லார் முன்னாலும் கேட்டுத் தொலைத்தான். அவனுக்கு வாய் சும்மா இருந்தால்தானே! சாயங்காலம் துரை பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். போனவன் வரவில்லை.

பெரட்டு கலைந்ததும் அவள் கிராணியிடம் ஓடினாள்.

"ஐயா, அவரு ரெண்டு நாளா வீட்டுக்கு வரலீங்க. ஆள விட்டுத் தேடச் சொல்லுங்கய்யா."

"என்ன கதைக்கிறாய், பிள்ளை? நேற்றும் வந்தவன், இண்டைக்கும் வந்தவன். வந்தவனை எங்கே போய்த் தேடுறது?"

சொல்லும்போது சாம்பசிவம் அவளைப் பார்க்கவில்லை. தொப்பியையே பார்த்தார்.

என் வாயாலேயே அவரைத் தொலைத்துவிட்டேனே என்று அன்று முழுவதும் மரத்துக்கு மரம் அழுதாள். நாளைக்கு எல்லார் காதிலும் விழும்படி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வீடு போனால் போகட்டும்.

மறுநாள், புளித்த ரப்பர்ப் பாலின் வாடையும் புகைக்கூண்டின் புகையும் பனியோடு கலந்து தொண்டையை அடைக்க, அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் ஆட்களின் நிழல்கள் நாற்காலிவரை நீண்டு கிடக்க, அவள் ஒவ்வொரு பேரையும் எண்ணிக்கொண்டே நின்றாள். அதுவரை நாற்பத்தேழு பதில்கள் வந்தன. நின்றவர்கள் முப்பதுகூட இல்லை. இத்தனை நாள் இதை எப்படிக் கவனிக்காமல் இருந்தாள்?

"செல்லப்பன்."

"அவரு இங்க இல்லீங்க!" என்று கத்தினாள்.

யாரும் திரும்பவில்லை.

"வந்தேங்கய்யா."

அவன் குரலேதான். பீடி குடித்துக் கரகரத்த குரல். வெகு பக்கத்தில்.

மெல்லத் திரும்பினாள். அடுத்த வீட்டு ராஜம்மாவின் வாய் திறந்திருந்தது. கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவளுக்கு அப்பால் நின்றவனின் வாயும். அவனுக்கு அடுத்தவனின் வாயும். வரிசை முழுக்க. ஒரே குரல்.

கிராணி தாளைப் புரட்டினார்.

"புஷ்பவள்ளி."

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பதில் சொல்லமாட்டேன். செத்தாலும் சொல்லமாட்டேன்.

"வந்தேங்கய்யா."

அவளுடைய குரல். ராஜம்மாவின் வாயிலிருந்து.

சாம்பசிவம் அடுத்த பேருக்குப் போனார். இரு பக்கமும் நின்றவர்கள் ஓர் அடி நகர்ந்தார்கள், தோளோடு தோள் ஒட்ட, அவள் இன்னும் நின்றுகொண்டிருந்த இடத்தை அடைத்தபடி.