இன்னும் சுடவில்லை

அறையில் ஒட்டுப்பால் நாறியது.

ஜெனிற்றா மூக்கைப் பொத்தினாள். இலங்கையில், தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டத்தில் கலியாணத்துக்கு முன்பிருந்தே ரப்பர் பால் வெட்டியவளுக்கு அந்த நாற்றம் புதிதல்ல. சிரட்டையில் உறைந்த மிச்சத்தைச் சாக்கில் கட்டி நாள்கணக்கில் போட்டுவைத்தால் எழும், செத்த எலியும் புளித்த மோரும் கலந்த வாடை. தலைமுடியில் ஏறினால் சோற்றுத் தட்டு வரைக்கும் கூடவே வரும். ஆனால் இது புக்காரெஸ்ட். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. இந்த ஊரில் ஏது ரப்பர்?

மாலையிலேயே கறுத்துவிட்ட ஜன்னலில் காற்று மோதிக்கொண்டிருந்தது. பேக்டரி வேலை முடிந்தபோது பஸ் ஓடவில்லை. கன்வாஸ் சப்பாத்தோடு நடந்தே வந்திருந்தாள். பாதி வழியில் கால்விரல்கள் குத்தின, பிறகு எரிந்தன, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. வலி விட்டதே என்று சந்தோஷப்பட்டாள், பாவி. நின்றுகொண்டே செய்கிற வேலை. கால் சரியில்லை என்று தெரிந்தால் ஏஜென்சிக்காரன் அடுத்த பிளேனில் ஊருக்கு ஏற்றிவிடுவான்.

வந்ததும் புருஷன் லோரன்ஸுக்குப் போன் எடுத்தாள். அவன் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிறவன். மழையில் விறைத்து வருகிறவர்கள் எல்லாரும் அவனுடைய அடுப்பு வாசலில்தான் காலை நீட்டுவார்கள்.

"ஹீட்டர் இருக்குல்ல? காலக் கிட்ட வச்சுக்க. சுடுதுன்னு தெரியிற வரைக்கும் எடுக்காத," என்றான்.

அப்படியே செய்தாள். ஹீட்டரைக் கட்டிலோரம் இழுத்து, சொக்ஸ் போட்ட பாதங்களை அதன் கம்பிமேல் வைத்து, போர்வையால் மூடிக்கொண்டாள். கண் செருகிவிட்டது. நாற்றந்தான் எழுப்பியது.

உட்கார்ந்தபடியே கைநீட்டினால் எல்லாம் எட்டுகிற அறை. குப்பை வாளியை முகர்ந்தாள், வெங்காயத் தோல். சட்டியைத் திறந்தாள், நேற்றைய பருப்பு, கெடவில்லை. கூடத் தங்கியிருக்கும் எஹலியகொட ஊர்க்காரி பிரேமலதாவின் தலையணையைக்கூட இழுத்து முகர்ந்துவிட்டுத் தூ என்று எறிந்தாள். வெறும் எண்ணெய்ச் சிக்கு. இப்போது நாற்றத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. கருவாடு சுடுகிற வாடை. ஊறிய எச்சிலை விழுங்கவே அருவருப்பாக இருந்தது.

பிறகு அந்தச் சத்தம்.

சிர்ர்.

நின்றது. மறுபடியும், சிர்ர்.

கிட்டத்தில்தான். கட்டிலுக்குக் கீழே. ஏதோ இருக்கிறது. காலை இழுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தாள். இன்னும் சுடவில்லையே.

கதவு திறந்தது. வேலை முடிந்து வந்த பிரேமலதா வாசலிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா இது நாத்தம்?"

"கட்டிலுக்குக் கீழ என்னமோ செத்துக் கெடக்கு. பாருடி."

பிரேமலதா குனிந்து போர்வையைத் தூக்கினாள்.

"அக்கா, கால எடுங்க."

"எடுக்கக் கூடாது. இன்னும் சுடல."

பிரேமலதா ஹீட்டரைப் பிடித்து இழுத்தாள். சொக்ஸும் அதோடு போனது. சொக்ஸுக்குள் இருந்ததும், தட்டிலிருந்து உரிகிற, உறைந்த ரப்பர் பால்போல, நீண்டு நீண்டு கம்பியோடு போனது.

சிர்ர்.

ஜெனிற்றா குனிந்து, வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்த எலும்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். அசைந்தன. வலிக்கவே இல்லை.