பின்கழுத்து முடி

காலையில் அவள் மகன் கரண்டியை இடது கையால் பிடித்தான். அவ்வளவுதான். அவள் அதை வலது கைக்கு மாற்றிக் கொடுத்தாள். அவன் மறுபடி இடது கைக்கே மாற்றிக்கொண்டு, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டான். அந்த வீட்டில் இடது கைப்பழக்கம் கொழுந்தன் மனைவியான ஓர்ப்படியின் மகளுக்கு மட்டும்தான்.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வயது, ஒரே கூரை. கொழுந்தன் மகள் கண் விழித்ததிலிருந்து வாயாடுவாள். இவள் பெற்றவனோ இன்னும் ஒரு முறைகூட ‘அம்மா’ என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக இவள் தவம் கிடக்க, பக்கத்து அறையில் ஓர்ப்படி அதை நாளெல்லாம் கேட்டுச் சலித்துக்கொள்வாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

வாய்த்த வேலையும் அப்படி. கருவிலும் கைக்குழந்தையிலும் உடம்பில் சேரும் ஈயமும் பூச்சிமருந்தும் பிள்ளைகளின் மூளையை என்ன செய்கின்றன என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்காக, வீடு வீடாகப் போய் முடி, நகம், எச்சில் எடுத்து வருபவள் அவள். சொந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்பது விதி. கூட வேலை பார்ப்பவள் விடுப்பில் போகவே, இந்த வாரம் இவளே எடுத்தாள். வாயும் வயிறுமாக இருந்தபோது சன்னலின் ஈயம் கலந்த பழைய பெயின்டைச் சுரண்டியது நீங்கள்தானே என்று ஓர்ப்படி எப்போதோ கேட்டது இன்னும் நெஞ்சில் தைத்துக் கிடந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் பின்கழுத்தில் முடி வெட்டியவள், உறைகளின் மேல் பெயர்ச் சீட்டுகளை மாற்றி ஒட்டினாள். குறை ஒரு தடவையாவது ஓர்ப்படி பிள்ளையின் பெயரில் வரட்டுமே.

மத்தியானம் ஓர்ப்படி போன் செய்தாள். “அக்கா, பாப்பா காலைலேர்ந்து வாயே திறக்கல. கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கல. பயமா இருக்குக்கா.”

பாவம் என்று வாய் சொன்னது. உள்ளே வெட்கமில்லாமல் ஏதோ குளிர்ந்தது. பிறகுதான் காலையில் பார்த்த மகனின் இடது கையும், தான் மாற்றி ஒட்டிய சீட்டுகளும் நினைவுக்கு வந்தன.

சீட்டுகளைத் திருப்பி மாற்ற ஆய்வுக்கூடத்தின் மாதிரி அறைக்கு ஓடினாள். குளிர்பதனப் பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன, அமில நெடி மூக்கை அரித்தது. அந்த வீட்டு முடியெல்லாம் நேற்றே அமிலத்தில் கரைத்தாயிற்று என்று பரிசோதகர் தலை நிமிராமல் சொன்னார்.

“கரைஞ்சது கரைஞ்சதுதாம்மா. வேணும்னா புதுசா வெட்டிட்டு வாங்க.”

கத்தரிக்கோலோடு வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. கதவுக்கு அப்பால் ஒரு குழந்தை விடாமல் பேசிக்கொண்டிருந்தது. அதுவரை அவள் கேட்டிராத குரல், ஆனால் அவன் சிரிக்கும்போது கேட்கும் அதே கரகரப்பு. அவன்தான். அவள் மகன்தான். கத்தரிக்கோலைப் பைக்குள் தள்ளினாள். இப்படியே இருக்கட்டும். இனி ஓர்ப்படி வயிறு எரியட்டும்.

கதவைத் திறந்தாள். பேச்சு நின்றது.

ஓர்ப்படி சுவரோடு ஒட்டி நின்றாள். முகத்தில் ரத்தமில்லை. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவன். இறக்க இறக்க ஏறினான்.

இவள் கை நீட்டினாள். அவன் பார்த்தான். தெரிந்த முகத்தைப் பார்ப்பதுபோல. அவ்வளவுதான்.

“அம்மா,” என்றான் ஓர்ப்படியிடம். “பெரியம்மா வந்துட்டாங்க.”

இவள் காலில் ஏதோ தொட்டது. கொழுந்தன் மகள். பேசவில்லை. தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு, எச்சில் வழிய, இவளையே பார்த்து நின்றாள்.