பீரோக் கதவின் சாட்சி

காலை 9.10. பாடகியின் பாட்டு ஆப்பிலிருந்து காணாமல் போயிருந்தது. போனில் ஒரே வரி: ‘இது வேறொருவரின் பாடல். நீக்கப்பட்டது.’ அந்த வேறொருவருக்கு முகமும் இல்லை, முகவரியும் இல்லை. அந்தப் பெயரில் ஆப்பில் ஓடிய பாட்டில் குரல் மட்டும் இவளுடையது. நான்கு மாத உழைப்பை ஒரு வரியில் துடைத்துப் போட்டுவிட்டார்கள், பாவிகள்.

9.40. தம்பியை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். வெளியீட்டுக்கு முன் வீடியோ எடுப்பதற்காக அவனிடம் மட்டும்தான் பாட்டைக் கொடுத்திருந்தாள். அக்கா, தம்பி இருவருக்கும் வேறு நாதியில்லை.

10.15. மாடி வீட்டு ஓய்வுபெற்ற பெண் இன்ஸ்பெக்டர் திருட்டுப் பாட்டை இரண்டு முறை கேட்டார். கடைசி வரிக்குப் பின் மெல்லிய ‘கிரீச்’.

“எங்கம்மா பாடின?”

“பீரோவுக்குள்ள மேடம். துணிக்கு நடுவுல பாடினா எதிரொலிக்காது.”

இன்ஸ்பெக்டர் பீரோக் கதவைத் திறந்தார். அதே கிரீச்.

“இந்தச் சத்தத்தோட தம்பிக்குக் கொடுத்தியா?”

இல்லையாம். வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பே பாட்டை ஒப்படைக்க வேண்டுமென்பது ஆப்பின் சட்டம். எதைப் போடலாம் என்று ஆப் அலுவலகத்தின் தேர்வாளர் கேட்டுப் பார்ப்பாராம். திங்கட்கிழமை அனுப்பினாள். அன்று மாலைதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. அந்தப் பதிவை அழித்துவிட்டு, செவ்வாயன்று மறுபடி பாடி அனுப்பினாள். தம்பிக்குக் கொடுத்தது இரண்டாவது பாட்டை.

இன்ஸ்பெக்டர் அவளை முறைத்தார். “கிளம்பு.”

11.50. ஆப் அலுவலகத்தின் கண்ணாடி அறை. தேர்வாளர் காபியை உறிஞ்சியபடி, புகாரைப் படிவத்தில் எழுதுங்கள் என்றார்.

“படிவத்தை யார் படிப்பா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நான்தான்.”

“அப்ப திருடனே விசாரணை அதிகாரி. திங்கட்கிழமை வந்த பாட்டு உங்க மேசைக்கு மட்டும்தான் வந்துச்சு. தம்பிகிட்ட இருந்ததுல இந்தக் கதவுச் சத்தமே இல்ல. நீங்க சுட்டதுல இருக்கு. இல்லாத ஆள் பேர்ல முந்திக்கிட்டுப் போட்டீங்க. ஆனா ஒரு தடவைகூட முழுசா கேட்கல. பாட்டைக் கேட்கிறதுதானே ஐயா உங்க வேலை?”

தேர்வாளரின் காபி ஆறியது. இன்ஸ்பெக்டர் காவல் நிலையத்துக்குப் போன் போட்டார்.

மாலை 4.30. பாட்டு திரும்பி வந்தது. மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. ‘உங்கள் பாடல் விதிகளுக்கு உட்பட்டது’ என்று அதே திமிரில் ஒரு வரி.

அவள் அதைப் படிக்கவில்லை. தம்பியின் எண்ணை ஏழாவது முறையாக அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் எடுக்கவில்லை.