தெரிந்தவர் யாருமில்லை

“இன்னைக்குப் பார்த்துத்தான் உனக்குப் பல்லு வலிக்கணுமா?”

மாமியார் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். மருமகளுக்கோ முகம் வெந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், பாவம்!

“எம்பொண்ணு பேங்க் வேலைக்குக் கடைசி ரவுண்டுக்குப் போறா! அவளை நல்லபடியா வழியனுப்பாம, டாக்டராம் டாக்டர்!”

“சாயங்காலம் போனா கூட்டமா இருக்கும் அத்தை...” என்று முணுமுணுத்தபடி நாத்தனாரின் சட்டையைத் தேய்த்து முடித்தாள். நாத்தனாருக்கு வீட்டில் பெயர் குட்டி. படித்து முடித்துவிட்ட பிறகும் குட்டிதான்.

அதே பேங்க், அதே கடைசி ரவுண்டுக்கு மருமகளையும் கூப்பிட்டிருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் புருஷனுக்குக்கூட அது தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சின்ன பேங்க்கில் கவுன்ட்டரில் இருந்தவள், குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டாள். “திரும்பப் போகட்டுமா?” என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டதற்கு வீடே சிரித்தது. முதலில் சிரித்தவள் குட்டி. வயது வரம்போ இந்த முறையோடு சரி. இதை விட்டால் அடுப்பங்கரைதான். குட்டிக்கு வேறு அறையாக இருக்கும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு கிளம்பினாள்.

அங்கே போனால், வட்ட மேசைக்கு எதிர்ப்பக்கம் குட்டி உட்கார்ந்திருந்தாள்! அண்ணியைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது.

“எட்டுப் பேரும் சேர்ந்து விவாதம் பண்ணணும்,” என்றார் அதிகாரியம்மாள். “உங்களுக்குள்ள சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க, வேற குழுவுக்கு மாத்திடறோம். மறைச்சவங்க பேரை எடுத்துடுவோம்.”

மருமகள் கையைப் பாதி தூக்கிவிட்டாள். அதற்குள் குட்டியின் குரல் முந்திக்கொண்டது.

“எனக்கு இங்க யாரையும் தெரியாது மேடம்!”

தூக்கிய கை தானாக இறங்கியது. வளர்த்த பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட அண்ணியை நாலு பேர் முன்னால் யாரோ ஆக்கிவிட்டாளே! மருமகளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஆனால் அவளைக் காட்டிக்கொடுக்க நாக்கு எழவில்லை.

எல்லாம் செல்போனிலேயே முடிகிறதே, இனி பேங்க்குக்குக் கிளைகள் எதற்கு? இதுதான் விவாதம். ஆளாளுக்குக் கத்தினார்கள். குட்டி வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது குறுக்கே விழுந்தார்கள். அவள் கீழுதடு நடுங்கத் தொடங்கியது. அடுத்தது அழுகைதான் என்று மருமகளுக்குத் தெரியாதா?

“கொஞ்சம் இருங்க, அவளையும் பேச விடுங்க! குட்டி, நீ சொல்லும்மா!”

வாய் முந்திவிட்டது.

“குட்டியா?” என்றார் அதிகாரியம்மாள்.

மருமகள் எழுந்தாள். “என் நாத்தனார் மேடம். மறைச்சது நான்தான்... அவ சின்னப் பொண்ணு, என்னைப் பார்த்துப் பயந்துட்டா. என் பேரை மட்டும் எடுத்துடுங்க.”

யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்து, லிப்ட் பக்கம் சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.

“அண்ணி!” குட்டி மூச்சிரைக்க ஓடிவந்தாள். “எல்லாத்தையும் சொல்லிட்டேன் அண்ணி. நீங்க கையைத் தூக்கினீங்க, நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லிட்டேன்!”

“அடிப் பாவி! உன் வேலை போச்சேடி!”

“போகட்டும்! வீட்ல என் துணியைத் தேய்க்கிறவங்க எனக்குச் சமமா வந்து உட்கார்றதான்னு... அவமானமா இருந்துச்சு அண்ணி. இப்ப என்னை நெனச்சாத்தான் எனக்கு அருவருப்பா இருக்கு!”

“நான் மட்டும் என்ன, உங்கம்மாகிட்ட புளுகிட்டு வந்தவதானே!” என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். லிப்ட் வந்தது, திறந்தது, இவர்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

“அந்த மேடமும் உங்க கையைப் பார்த்திருக்காங்க. நான் குறுக்க விழுந்ததாலதான் நீங்க சொல்லலைன்னு அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. அடுத்த குழுவுல உங்களை உட்காரச் சொல்லியிருக்காங்க.”

“உனக்கு?”

இல்லை என்று குட்டி தலையை ஆட்டினாள்.

“அப்ப எனக்கும் வேணாம். வா, வீட்டுக்குப் போலாம்.”

“அண்ணி! இதையும் எனக்காக விட்டுக்கொடுத்துட்டு வந்தீங்கன்னா, இந்த மூஞ்சியை நான் எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? கும்பிட்டுக் கேக்கறேன், உள்ள போங்க!”

கதவருகே காவலாளி மறித்தார். “நீங்க ரெண்டு பேருமே தேர்வுக்கு வந்தவங்களா?”

“இல்லைங்க,” என்றாள் குட்டி, வராந்தாவில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்க. “தேர்வுக்கு வந்தது எங்கண்ணி. நான் அவங்க கூட வந்தவ.”

மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடியும் அழுதுவிடுவாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள்.