விற்றதாக ஒரு புள்ளி

“எம்பொண்ணு படத்த யாருக்குடா வித்த?”

“கத்தாத மாமா, நான் யாருக்கும்—”

“பார்வைக்கு மட்டுந்தான்னு சொல்லித்தானே குடுத்தேன்? கீழ செவப்புப் புள்ளி ஒட்டியிருக்கு!”

“வித்தாத்தான் ஒட்டணுமா? நான் சும்மா ஒட்டுனேன். நாலு படம் போயிட்ட மாதிரி தெரிஞ்சாத்தான் பாண்டிச்சேரிலேருந்து வர்றவங்க மத்ததுக்கு வெல கேப்பாங்க. எல்லா கேலரியிலயும் செய்யிறதுதான். இல்லாட்டி ஒன் படத்த எவன் திரும்பிப் பாக்குறான்?”

சிதம்பரம் கீழ வீதியில் ராஜ்கமல் அந்த ஓவியக்கூடத்தைத் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வெளியே மழை. உள்ளே கரண்ட் இல்லை. பகலிலேயே மூலைகளில் இருட்டு அடைந்திருந்தது. கத்திக்கொண்டிருந்த அன்பரசு, ராஜ்கமலின் அக்கா அருள்மொழியின் கணவன். அக்காவைத் தேவனாம்பட்டினத்தில் கடல் கொண்டுபோய் இரண்டு வருடம். உடல் கிடைக்கவில்லை. அதன்பிறகு அன்பரசு வரைந்த ஒரே முகம், மகள் அனுப்பிரியாவினுடையது. வெறும் நெற்றி. பொட்டு வைத்துவிட அம்மா இல்லாத நெற்றி.

“இங்க என்ன மச்சான், கவுச்சி அடிக்குது?”

“காலையிலேருந்தே அடிக்குது. ஷட்டரத் தூக்குனா தரையெல்லாம் தண்ணி.”

“மழ இப்பதானே புடிச்சுது?”

ராஜ்கமல் மேசை டிராயரை இழுத்தான்.

“மேச மேல இதுவும் கெடந்துச்சு. யாரோ கஸ்டமர் விட்டுட்டுப் போயிருக்கும்னு எடுத்து வச்சேன்.”

ஒரு வெள்ளி மெட்டி. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. உள்வளைவில் ஈர மணல்.

கல்யாணத்தன்று அருள்மொழியின் விரலில் அதை மாட்டிவிட்டவன் அன்பரசு. அவசரத்தில் அழுத்தி நசுக்கியவனும் அவன்தான்.

“வெல குடுத்துட்டுப் போயிருக்குடா,” என்றான், தொண்டைக்குள்ளேயே.

“யாரு?”

“அந்தப் புள்ளிய எடு. மொதல்ல எடு!”

படத்துக்குக் கீழிருந்த பெயர் அட்டையை ராஜ்கமல் நகத்தால் சுரண்டினான். புள்ளி உரிந்து வந்தது.

நிமிர்ந்தான்.

படத்தில், பிள்ளையின் நெற்றி நடுவே சிவப்பாக ஒரு வட்டம்.

ஈரமாக.

“நீயா வச்ச?”

“சத்தியமா இல்ல மாமா.”

அன்பரசுவின் செல்போன் அடித்தது. வீட்டு நம்பர். காய்ச்சல் என்று மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல், பக்கத்து வீட்டுத் தில்லையம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டு வந்திருந்தான்.

“பாப்பா? தில்லையம்மா எங்கடா?”

“தூங்குறாங்கப்பா. எழுப்புனேன், எழுந்திரிக்க மாட்டேங்குறாங்க.”

அவள் குரலுக்குப் பின்னால் அலை இரைந்தது.

கடலுக்குப் பயந்து குடிமாறிப் போன வீடு அது. அங்கே அலை கேட்காது.

“அப்பா, அம்மா வந்துருக்குது. சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்குது. எனக்குப் பொட்டு வச்சி விட்டுச்சு. மாமா சரின்னுட்டாராம், கூட வான்னு கூப்புடுது... போவட்டுமாப்பா?”